பொருள் ஒப்படைப்புப் பதிவேடு

உள்ளே வரும்போது கழற்றியதை
வெளியே போகும்போது கொடுப்பது என் வேலை.
கேப்பர் மலைச் செம்மண் அப்பிய செருப்போடு
காலை எட்டரைக்கு ஜன்னலைத் திறப்பேன்.
வாட்ச். பெல்ட். சார்ஜ் செத்த போன்.
அரைஞாண் ஒன்று, வெள்ளி, எடை போட்டது.
ஆளை எடை போட
என் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

இன்று கலிவரதன்.
ஒன்பது வருஷம் நாலு மாசம், கழிவு போக.
அவனுடைய சட்டையை உதறினேன்.
மடித்த கைக்குள்ளிருந்து விழுந்தது
பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு.
அன்று சோதனை போட்டவர் கண்ணில் படவில்லை போல.
கசங்காமல், ஒரு பூச்சி அரிக்காமல்
பத்திரமாகத்தான் வைத்திருந்தோம்.
செல்லாது.
வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.
"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

போன மாசம் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணம்.
பந்தியில் சாம்பாருக்குக் காத்திருக்கையில்
என் வீட்டுக்காரரின் அண்ணன் கேட்டார்:
"சோறு போட்டு வச்சிருக்கீங்களே,
ஒருத்தனாவது திருந்துறானா?"
பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில்
என்னிடம் இல்லை.
அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

தெரிந்ததைச் சொல்கிறேன்.
ரொட்டி சுடக் கற்றான் கலிவரதன்.
விடியற்காலை மூணு மணிக்குத் தானே எழுந்திருப்பான்.
மனுவைத் தானே எழுதுவான்,
கையெழுத்து என்னுடையதைவிட நேர்.
கடைவாய்ப் பல் இரண்டு பிடுங்கினோம்.
அம்மா செத்தபோது மூன்று நாள் விட்டோம்,
மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து நின்றான்.
குடிக்கவில்லை.
குடிக்க எதுவும் இல்லை.
இரண்டும் ஒன்றுதானா என்று
எந்த டாக்டரும் எழுதித் தந்ததில்லை.
நடத்தை: திருப்தி.
நிரப்பியது நான்.
யாருக்குத் திருப்தி என்று எழுத
அந்தக் கட்டத்தில் இடம் விடவில்லை.

ஒன்பது மணிக்கு ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
ஒரு பெண் வந்து நின்றாள்.
கையில் மஞ்சள் பை, காலில் பித்த வெடிப்பு.
மனு பார்க்க வந்தவள் என்று நினைத்து
ஆதார் அட்டை கேட்டேன்.
"அஞ்சலாட்சி. மேல்பட்டாம்பாக்கம் பக்கம்.
அவன் வெட்டுனது என் புள்ளைய."

கரும்பு வெட்டுகிற கத்தி.
தீர்ப்பு நாற்பத்தாறு பக்கம்.
அவள் சொன்னது ஒரே வரி:
"நூத்தம்பது ரூவா கூலி பாக்கிங்க."

அவள் கேட்பாள் என்று பயந்தேன்,
மாறிட்டானா என்று.
பேக்கரியைச் சொல்லலாமா,
பல்லைச் சொல்லலாமா என்று
நாக்கைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் அதைக் கேட்கவில்லை.
"மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்னுதான் வந்தேன்.
இங்க வந்ததும் வேணாம்னு இருக்கு.
டவுன் பஸ்ஸு எத்தன மணிக்கு?"
ஒன்பது இருபது என்றேன்.
"அதுலதான் அவனும் ஏறுவானா?"

இந்த மேட்டிலிருந்து இறங்க வேறு வழியில்லை.
அதை விட்டால் பத்து மணிக்கு அடுத்தது.
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டு வரைக்கும்
கூட்டம் நெருக்கித் தள்ளும்,
ஒரே கம்பியை ஏழு கை பிடிக்கும்.

"நீங்க போங்கம்மா" என்றேன்.

உள்ளே கலிவரதன் தலை சீவி நின்றிருந்தான்.
சட்டைப் பட்டன் வயிற்றில் சேரவில்லை.
"கையெழுத்துப் போடட்டுங்களா மேடம்?"

பதிவேட்டை என் பக்கம் இழுத்தேன்.
வாட்ச்சின் நம்பரை மறுபடி சரிபார்த்தேன்.
அரைஞாணை மறுபடி தராசில் வைத்தேன்.
பேனாவுக்கு மை இருந்தும்
வேறு பேனா தேடினேன்.
கோர்ட்டு கொடுத்த ஒன்பது வருஷத்தோடு
சட்டமில்லாமல் நான் சேர்த்தது
இருபத்தைந்து நிமிஷம்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
காத்திருக்க நன்றாகப் பழகியிருந்தான்.
அதையும் நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம்.

பஸ் மலை இறங்கும் சத்தம் கேட்டது.
"இங்க போடு" என்றேன்.